அடைத்த கதவின் நேரம்

பகல் பன்னிரண்டுக்குமேல் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோவிலில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது நான்கு மணிக்கு. பன்னிரண்டரை வெயிலில் வந்து கதவைப் பார்த்து நிற்கும் வெளிநாட்டுக்காரர்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பூ விற்கும் அம்மாள் விரலைக் காட்டி நாலு என்பாள். அதில் வருத்தம் தெரிவிக்கும் தொனி கிடையாது. ஈஸ்வரனுக்கு இளைப்பாறும் நேரம் உண்டென்பது அவளுக்கு விளக்கவேண்டிய விஷயமே அல்ல. எனக்கும் அதுவரை இல்லை. பார்த்துச் சிரித்துக்கொண்டு போவேன்.

மாட்ரிட்டில் ஒரு ஜூலை மாதம், ஏழரை மணிக்குப் பசியோடு ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தேன். பரிமாறுகிறவன் ஒன்பது மணிக்கு வரச் சொன்னான். கோபம் வந்தது. பசியால் வந்த கோபம் மட்டுமல்ல. நான் ஏழரைக்குச் சாப்பிடுவது இயற்கை, இவர்கள் ஒன்பதுக்குச் சாப்பிடுவது வழக்கம் என்று மனம் தானாகவே பிரித்துக்கொண்டிருந்தது. தன்னுடையதை இயற்கை என்றும் பிறனுடையதை வழக்கம் என்றும் சொல்லும் இந்தப் பழக்கம் சாப்பாட்டோடு நிற்பதில்லை. விமர்சனத்திலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

1940 மார்ச்சில் பிராங்கோவின் அரசு ஸ்பெயினின் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. யுத்தம் முடிந்த பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கோடையில் இன்னும் ஒரு மணி கூடுகிறது. மாட்ரிட்டோ கிரீன்விச் ரேகைக்கும் மேற்கே இருக்கிறது. ஆக, சூரியனைக் கேட்டால் எனக்குச் சொல்லப்பட்ட அந்த ஒன்பது மணி உண்மையில் ஆறே முக்கால். வீட்டில் நான் தட்டின்முன் உட்காருவதற்கு முன்னாலேயே அவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள்! நம் கடிகாரமும் ஒன்றும் பூர்வீகமானதல்ல. கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிஷம் முந்திய மதராஸ் நேரம் என்று ஒன்று இருந்தது. ரயில்கள் அதன்படி ஓடின. 1906 ஜனவரி 1ல் இந்திய நேரம் வந்தபோது நம் வயிறுகள் ஒன்பது நிமிஷம் நகர்ந்தன. யாரும் புலம்பியதாகத் தெரியவில்லை.

ஆகவே போன இடத்து நேரத்துக்கு இசைந்துவிடு என்று முடித்துவிடலாம். அவ்வளவு சுலபமாக இருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். திருவான்மியூரை விட்டு நகராமலே அந்நிய நேரத்துக்கு இசைந்துவிட்டவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். 2000ல் டைடல் பார்க் திறந்த பிறகு இந்தப் பக்கத்தில் பெருகிய கம்பெனிகளில் சில நியூயார்க்கின் பகலில் இயங்குகின்றன. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே கடிகாரத்தைத் திருத்தினால் இங்கே ஒருவனுடைய ராச்சாப்பாடு ஒரு மணி இடம் மாறுகிறது. பிரயாணி இரண்டு வாரம் இசைந்துவிட்டு ஊர் திரும்புவான். இவன் திரும்ப எந்த ஊர் இருக்கிறது? இரண்டுக்கும் இசைவு என்ற ஒரே சொல்லை உபயோகிப்பது அயோக்கியத்தனம்.

நேரத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், யாருடைய உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது என்று கேட்டாகவேண்டும். ஜெர்மனியில் 1956ல் வந்த கடையடைப்புச் சட்டம் சாதாரண நாட்களில் மாலை ஆறரைக்குக் கடைகளை மூடச் சொன்னது. வாங்குகிறவனுக்கு இடைஞ்சல்தான். ஆனால் கதவுக்கு உட்புறம் நிற்கிறவனை அது ஞாபகம் வைத்திருந்தது. தமிழ்நாட்டில் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்று 2019ல் அரசாணை வந்தது. அந்தக் கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார ஒரு ஆசனம் தரவேண்டும் என்ற சட்டத்துக்கு 2021வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு இட்லி கிடைத்தால் சந்தோஷப்படுகிறவன்தான் நானும். அதை மறைத்துவிட்டு எழுதுவதில் பிரயோஜனமில்லை.

மாட்ரிட் கடையில் அந்த ஆள் எழுந்துவந்த மேஜைமேல் ஒரு தட்டும் பாதி ரொட்டியும் இருந்தன. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் ஒன்பது என்றான்.