ஆகாயம் யாருடைய சொத்து?

ஐம்பூதங்களில் ஆகாயத்துக்கு உரிய குணம் ஓசை என்கிறது சைவ சித்தாந்தம். நிலத்துக்கு வேலி போடலாம், நீரை அணை கட்டி மறிக்கலாம், ஆகாயத்தை அப்படி எவரும் உறுதி எழுதி வாங்கிவிட முடியாது. அப்படியிருக்க, அதன் வழியே ஊரோடு பேசும் உரிமையைச் சிலரிடம் மட்டும் விட்டுவைப்பது அறமாகுமா? அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த இலங்கை உயர் நீதிமன்றமும் அதையே ஏற்றுக்கொண்டது. ஆனால் இங்கே தனியார் தொலைக்காட்சிக்கான அனுமதி இன்றும் 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிச் சட்டத்தின்கீழ் அமைச்சரின் கையில்தான் இருக்கிறது. ஊரார் சேர்ந்து, இலாபம் பாராமல் நடத்தும் நிலையத்துக்கென்று தனி அனுமதி வகையே கிடையாது.

அமெரிக்காவின் சிறு நகரங்களில் அப்படிப்பட்ட நிலையங்கள் உண்டு. கேபிள் நிறுவனத்திடம் ஊருக்கென்று ஒரு அலைவரிசையைக் கேட்டுப் பெற 1984ஆம் ஆண்டுச் சட்டம் நகரசபைகளுக்கு இடம் கொடுத்தது. முதலில் வந்து கேட்டவருக்கு முதலில் நேரம். பொதுவானதை இப்படி முறை வைத்துப் பகிர்வது மட்டக்களப்பாருக்குப் புதிய நியாயம் அல்ல. கொக்கட்டிச்சோலை போன்ற பெருங்கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகள் எனும் குலப் பிரிவுகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. தன் நாளில் பூசைக்குரிய செலவும் பொறுப்பும் அந்தக் குடியினுடையது, மறுநாள் உரிமை அடுத்த குடிக்குப் போய்விடும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்பாளர்தானே தவிரச் சொந்தக்காரர் அல்ல. சந்நிதி எல்லாருக்கும் பொது, முறை மட்டும் ஆளுக்கொன்று. குடிமுறையில் சிலருக்குப் பங்கே இல்லாமற் போனதே என்று கேட்பார்கள். உண்மைதான், அது அநீதிதான். பிறப்பு பார்க்காமல், கேட்டவருக்கெல்லாம் முறை கொடுக்கும் நிலையத்தில்தான் அந்தக் குறை தீரும்.

இதைவிடக் கனமான தடை வேறொன்று. வாயுள்ளவர் எல்லாரும் பேசினால் நஞ்சைக் கக்குபவரும் பேசுவாரே? 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுத் தாக்குதலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இந்தக் கேள்வியைக் கேட்பதில் முழு நியாயம் உண்டு. ஆனால் அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவரின் வெறுப்புரைகள் பரவியது ஊர் நிலையமொன்றின் வழியாக அல்ல, இணையக் காணொளிகளாகத்தான். பார்ப்பவர் யார், மறுப்பவர் யார் என்று ஊருக்கே தெரியாமல் அவை கைக்குக் கை போயின. ஊர் நிலையத்தில் பேசுபவர் பெயர் சொல்லி, முகம் காட்டி உட்கார வேண்டும், அடுத்த வாரம் அதே கதிரையில் காத்தான்குடியாரோ கல்லடியாரோ வந்து பதில் சொல்வார். கைப்பேசி இருக்கையில் நிலையம் எதற்கு என்பதற்கும் இதுவே பதில். கைப்பேசியில் யார் பேச்சு யார் கண்ணில் படும் என்பதை எங்கோ இருக்கும் நிறுவனம் தீர்மானிக்கிறது.

நம் நாட்டிலேயே முன்னோடி உண்டு. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியில் கிராமத்துத் தொண்டர்களும் அறிவிப்பாளர்களாக இருந்தார்கள். பின்னாளில் நேயர்கள் எழுதிக் கேட்டதை நிலையத்தார் இணையத்தில் தேடி, சிங்களத்தில் விளக்கினார்கள். ஆயினும் அது அரச கூட்டுத்தாபனத்தின் கீழ் இயங்கியதே. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பொறுப்பாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஊர் நிலையங்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று நாடாளுமன்றத்திடம் கேட்க வேண்டும்.