அடித்துத் திருத்திய அட்டை

"பிடிக்கலன்னா திருப்பி எடுத்துக்குவாங்களாம்மா?"

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா கேட்டது இது. கையில் காப்பி டம்ளர். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்திருந்தார். போன மாதம் வந்தது நன்றாக இருந்ததாம், இது புளிக்கிறதாம். எனக்கும் புளித்தது.

மாதம் ஒரு பெட்டி எங்கள் வீட்டுக்கு வருகிறது. சந்தா கட்டியிருக்கிறோம். உள்ளே வறுத்த காப்பிக்கொட்டைப் பொட்டலம் ஒன்று. எந்த எஸ்டேட், எவ்வளவு உயரம், எந்த ரகம், நாக்கில் என்னென்ன பழங்களை நினைவூட்டும் என்று சொல்லும் சீட்டு ஒன்று. ஒரு மாதம் பாபா புடன் மலை, ஒரு மாதம் ஏற்காடு, இன்னொரு மாதம் குடகு. எது வரும் என்பதை அனுப்புகிறவர்கள்தான் முடிவு செய்வார்கள். இதையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். திருப்பி எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன்.

"என்ன வரும்னே தெரியாமலா மாசாமாசம் காசு கட்டுறீங்க?"

கேலி இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். கேட்ட கையோடு பர்ஸிலிருந்து நாலாக மடித்த மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார். தீபாவளிச் சீட்டு அட்டை. 2024 தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தன. முன்பக்கம் 12 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு தேதி, ஒரு சின்னக் கையெழுத்து. மாதம் 300 ரூபாய். பின்பக்கம் அச்சடித்த பட்டியல்: ஸ்வீட் ஒரு கிலோ, மிக்சர் ஒரு கிலோ, துவரம்பருப்பு, உளுந்து, மைதா, சர்க்கரை, பட்டாசுப் பெட்டி, எவர்சில்வர் தூக்கு. நடுவில் 'சன்பிளவர் ஆயில் 2 லி' என்ற வரியில் அந்த 2 மட்டும் நீலப் பேனாவால் அடிக்கப்பட்டு, மேலே 1 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கட்டங்களில் இருந்த அதே கையெழுத்து. பட்டியலின் அடியில், அச்சுக்கு வெளியே, கையால் ஒரு வரி: வெல்லம் 1 கிலோ.

"எண்ணெ வெல ஏறிடுச்சில்ல. அந்தம்மா வீடு வீடா வந்து சொல்லிட்டுத்தான் அடிச்சாங்க. பதிலுக்கு வெல்லம் போடுறேன்னாங்க."

அவ்வளவுதான் நடந்தது. அக்கா அட்டையை மடித்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த நீலக் கோடு மனசை விட்டுப் போக மறுக்கிறது.

கோட்டின் கதை பெரியது. அந்த ஆண்டு செப்டம்பர் நடுவில் மத்திய அரசு சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படை இறக்குமதி வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. உள்ளூர் எண்ணெய்வித்து விவசாயிகளுக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். நாம் சமைக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது என்பதால், கடையில் விலை உடனே ஏறிற்று. ஆனால் சீட்டுப் பிடிப்பவர் விலையை எப்போதோ பேசி முடித்துவிட்டார். முந்தைய தீபாவளி முடிந்த கையோடு அட்டை அடித்து, பொருள் இன்னது, தவணை இவ்வளவு என்று சொல்லிவிட்டார். தவணையைப் பாதியில் ஏற்ற முடியாது, ஏற்றினால் தெரு சும்மா விடாது. ஆக டெல்லியில் போட்ட கையெழுத்து ஒன்று அந்தத் தெருவுக்குள் வந்து ஒரு லிட்டர் எண்ணெயாகக் குறைந்தது, கூடவே ஒரு கிலோ வெல்லமாகவும் கூடியது.

அதே மாதங்களில் காப்பி விலையும் உலகச் சந்தையில் தலைதெறிக்க ஏறிக்கொண்டிருந்தது. பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் வறட்சி. எங்கள் பொட்டலம் 250 கிராமிலிருந்து 200 ஆனது. யாரும் வீடு வீடாக வரவில்லை. உறை புதிதாக மாறியிருந்தது, அந்தக் காகிதம் மறுசுழற்சிக்கு ஏற்றது என்று நீளமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. எடை குறைந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பொட்டலத்தின் அடியில், காலாவதித் தேதிக்குப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் 200 கி. சட்டப்படி குறையொன்றுமில்லை, எழுத வேண்டிய இடத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஆனாலும் அடித்துத் திருத்திய எழுத்துக்கும் அச்சிலேயே மாறிவிட்ட எழுத்துக்கும் வித்தியாசம் இருப்பதாகத் தோன்றுகிறது. அடித்த இடத்தில் பழைய 2 இன்னும் தெரிகிறது. என்ன இழந்தோம் என்பது கண்முன் இருக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் சௌகரியம். சீட்டு நல்லது, பெட்டி கெட்டது என்று எழுதிவிட்டு நான் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தைய வாரம் செய்தித்தாளில் என்ன வருகிறது? சீட்டுப் பணத்தோடு ஆள் ஓட்டம், காவல் நிலையத்தில் பெண்கள் கூட்டம். 1982ஆம் ஆண்டு சிட்பண்டு சட்டம் பதிவு செய்யச் சொல்கிறது. தெருவில் நடக்கும் தீபாவளிச் சீட்டுகள் பெரும்பாலும் எந்தப் பதிவுக்குள்ளும் வராதவை. அந்த மஞ்சள் அட்டைக்குப் பின்னால் இருப்பது ஒரு அம்மாளின் வார்த்தை மட்டும்தான். அதோடு வட்டிக் கணக்கும் பார்க்க வேண்டும். 3,600 ரூபாயைத் தவணை தவணையாக முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வட்டியில்லாமல் கடைசியில் பொருளாக வாங்குகிறார் அக்கா. அஞ்சலகத்தில் போட்டிருந்தால் கொஞ்சமாவது வட்டி வந்திருக்கும். இதை ஒருமுறை அவரிடம் சொன்னேன். "கைல இருந்தா வீட்டுக்காரரு வாங்கிடுவாரும்மா" என்றார். அதற்குமேல் வட்டி விகிதம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அப்படிப் பார்த்தால் என் பெட்டியில்தான் எனக்குப் பாதுகாப்பு அதிகம். வங்கி அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பவர்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து கட்டாயம். ரிசர்வ் வங்கியின் விதி. 15,000 ரூபாய்க்குள் என்றால் ஓடிபி தேவையில்லை, ஆனால் குறுஞ்செய்தி வந்தாக வேண்டும், நிறுத்த வழியும் இருக்க வேண்டும். சந்தாவில் சேர்ப்பதைச் சுலபமாக்கி, விலகுவதைச் சிக்கலாக்கும் தந்திரத்தை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தடைசெய்த 13 வகைத் தந்திரங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. எனக்கும் அந்தக் குறுஞ்செய்தி தவறாமல் வருகிறது. படிக்கிறேன். நாளை இத்தனை ரூபாய் எடுக்கப்படும். சரி, எடுக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

சும்மா இருப்பதே சம்மதம் என்ற இந்த ஏற்பாடு கைப்பேசியோடு பிறந்ததில்லை. 1926இல் நியூயார்க்கில் ஹாரி ஷெர்மன் என்பவர் மாதம் ஒரு புத்தகம் அனுப்பும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நடுவர் குழு. முதல் தேர்வு சில்வியா டவுன்சென்ட் வார்னர் எழுதிய ஒரு நாவல். குடும்பத்துக்கு உழைத்தே வயதான ஒருத்தி எல்லாரையும் விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போய்ச் சூனியக்காரி ஆகிற கதை. கடைக்குப் போய் இதைத் தானாகக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பின்னால் அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் வந்தது: வேண்டாம் என்று சீட்டு எழுதிப் போடாவிட்டால் புத்தகம் வந்துவிடும், பணமும் கட்ட வேண்டும். மனிதர்களின் சோம்பலை அஸ்திவாரமாக வைத்து எழுந்த வியாபாரம். பலர் இதே வழியில் இறங்கிய பிறகு, 1973இல் அமெரிக்க அரசு, வேண்டாம் என்று சொல்லக் குறைந்தது 10 நாளாவது கொடுங்கள் என்று விதி போட்டது.

புத்தகம் என்றதும் பெரியப்பா வந்துவிடுகிறார். அவர் வீட்டுக் கூடத்தில் மரபீரோ ஒன்று, கண்ணாடிக் கதவு போட்டது. மேல் தட்டில் வாசகர் வட்டம் புத்தகங்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் தொடங்கிய பதிப்பகம் அது. உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் அவர்கள் போடும் புத்தகம் தபாலில் வந்து சேரும். பெரியப்பா துப்பறியும் நாவல் ரசிகர். யாரோ நண்பர் சொன்னார் என்று சேர்ந்தார், வந்த புத்தகத்தையெல்லாம் திட்டிக்கொண்டே படித்தார். "இதுக்கா பணம் கட்டினேன்?" என்று பெரியம்மாவிடம் கேட்பாராம். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக்கரை நெடுகப் போய் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வந்தபோதும் அதையேதான் கேட்டாராம். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அந்தப் புத்தகத்தின் அட்டை மூலை மழுங்கிப் போயிருந்தது, பக்கங்களுக்கிடையில் பழைய பஸ் டிக்கெட்டுகள். ஓய்வு பெற்ற பிறகு தலைக்காவிரிக்குப் போய்விட்டு வந்தார். துப்பறியும் நாவல்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

சந்தா கட்டுகிறவர் உண்மையில் வாங்குவது இதைத்தானோ என்று நினைக்கிறேன். தன் விருப்பத்திலிருந்து ஒரு விடுமுறை. நமக்கு என்ன பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும், அதனாலேயே அதைத் தாண்டி ஒன்றும் நம் கைக்கு வருவதில்லை.

அப்பா இதற்கு நேர் எதிர். திருச்சியில் நாங்கள் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை காப்பிக்கடைக்கு என்னையும் கூட்டிப் போவார். கடைக்காரர் எதுவும் கேட்க மாட்டார். பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி கொஞ்சம். அரைக்கிற இயந்திரத்தின் வாயிலிருந்து பொடி விழும்போது கை வைத்துப் பார்க்கவிடுவார், சுடும். எந்த எஸ்டேட் என்று அப்பா கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. அந்தக் காலத்தில் விளைந்த காப்பியை எஸ்டேட்காரர்கள் காப்பி வாரியத்தின் பொதுக் குவியலில் சேர்த்துவிட வேண்டும், ஏலம் அங்கிருந்துதான். எந்த மலையில் எவர் தோட்டத்தில் விளைந்தது என்பதெல்லாம் அதோடு கரைந்துவிடும். 1990களின் நடுவில்தான் அந்தக் கட்டு முழுதாக அவிழ்ந்தது. எனக்கு வரும் பெட்டியில் எஸ்டேட் பெயரும் 'செலக்ஷன் 795' என்ற ரகப் பெயரும் அச்சாகி வருகின்றன என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு சரித்திரம் உண்டு. பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940களில் கொடுத்த ரகம் அது. அப்பா வாழ்நாள் முழுக்கக் குடித்ததும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், பெயர் தெரியாமல்.

அக்காவுக்குப் புளித்ததற்கும் காரணம் உண்டு. லேசாக வறுத்த கொட்டை. கறுப்பாகக் குடித்தால் அந்தப் புளிப்பு பழச்சுவை என்று பெயர் வாங்கும். பாலில் கலந்தால், பால் கெட்டுப்போச்சோ என்று சந்தேகம் வரும். நாங்கள் பால் காப்பி குடிக்கிற குடும்பம். இது பெட்டி அனுப்புகிறவர்களுக்குத் தெரியாது. பெரியப்பா எப்படிப்பட்ட வாசகர் என்று அந்தப் பதிப்பகத்துக்கும் தெரிந்திருக்காதுதான்.

என் கணவர் கணக்குப் பார்க்கிறவர். ஒரு டம்ளருக்கு எவ்வளவு விழுகிறது என்று போட்டுக் காட்டினார். பெட்டி விலைக்குத் தெருமுனைக் கடையில் அரைக் கிலோவுக்கு மேல் வாங்கலாம். நான் அதற்குப் பதிலாக, ஜிம் சந்தா பற்றி எப்போதோ படித்த ஒரு அமெரிக்க ஆய்வைச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006இல் வெளியிட்டது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டுகிறவர்கள் சராசரியாக மாதத்துக்கு நாலு தடவைக்குச் சற்று மேல்தான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே ஜிம்மில் பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். ஜனங்கள் தங்கள் வருங்கால உற்சாகத்தைக் கூடுதலாக மதிப்பிடுகிறார்கள் என்பது முடிவு. "அப்ப நான் சொல்றதுதானே சரி?" என்றார் கணவர். ஆமாம், அந்த ஆய்வு அவர் பக்கம்தான். ஆனால் காப்பி வீணாவதில்லையே, எல்லாவற்றையும் குடித்துத் தீர்க்கிறோமே என்றேன். புளித்ததை எப்படிக் குடித்தோம் என்று கேட்டார். சிக்கரி கலந்து.

என் ஆச்சரியத்தில் இப்படித்தான் சிக்கரி கலந்துகொண்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதாமாதம் குறித்த தேதியில் வந்து நிற்கும் ஆச்சரியம் எத்தனை நாளைக்கு ஆச்சரியமாக இருக்கும்? முதலில் கதவருகிலேயே கத்தரிக்கோலோடு நின்று பிரித்தேன். இப்போது பெட்டி ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது, பழைய பொடி தீர்ந்த அன்றைக்குத்தான் திறக்கிறேன். அக்காவின் சீட்டில் ஆச்சரியத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு பொருளும் ஒரு வருஷம் முன்பே தெரியும். ஆனாலும் தூக்கு எந்த அளவில் வரும், மூடி இறுக்கமாக இருக்குமா என்று அவரும் அவர் மகளும் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். தெரிந்த பொருளுக்குக் காத்திருப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஏதோ இருக்கிறது.

நிறுத்திவிடலாமா என்று கணவர் கேட்கும்போதெல்லாம் நான் பெரியப்பாவின் பீரோவைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். அவர் சேர்ந்ததால்தானே அந்தக் காவிரிப் புத்தகம் வந்தது என்கிறேன். அது சரியான வாதமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. புத்தகத்தைப் பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் படிக்கலாம். அன்றைக்குப் பிடிக்காதது பிறகு பிடிக்கலாம். காப்பி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், அதோடு அதைப் பற்றிய அபிப்பிராயமும் தீர்ந்துவிடும். ஏற்காட்டுக் கொட்டைக்கும் குடகுக் கொட்டைக்கும் வித்தியாசம் எனக்கு இப்போது தெரிகிறது, முன்பு தெரியாது. இது அந்தப் பணத்துக்கு ஈடாகுமா, இல்லை நான் ஈடாக்கிச் சொல்லிக்கொள்கிறேனா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.