கோஷ்டியில் கூடும் குணம்

திருப்பாவையின் 30 பாசுரங்களுள் 6 முதல் 15 வரையுள்ள பத்தும் உறங்கும் தோழியரை எழுப்புவனவாம். முன்னெழுந்தவள் தனியே நீராடச் சென்றால் குறையுண்டோ எனில், உண்டு என்பதே பூர்வாசார்யர்களின் திருவுள்ளம். பகவதநுபவம் அடியார் குழாத்தோடு கூடியே நிறைவெய்தும்.

இதனைப் பயிற்சியாக்கித் தருவது பல ஊர்களில் மார்கழி வைகறையில் கூடும் திருப்பாவை கோஷ்டி. ‘சந்தை’ எனப்படும் பயிற்றுமுறையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல, கற்போர் இருமுறை திருப்பிச் சொல்வர். இதனால் முதற்கண் கைவருவது செவிசாய்த்துக் கேட்கும் பொறுமை. பின்னர் கோஷ்டியில் நிற்குங்கால், பிறரை முந்தாமலும் பிந்தாமலும் தன் குரலை இசைவிக்கும் அடக்கம் வாய்க்கிறது. சிறுவன் தடுமாறினால் அருகில் நிற்கும் பெரியவர் அடியெடுத்துக் கொடுப்பார். பெரியவர் மறந்தவிடத்துச் சிறுவனின் குரல் தாங்கும். சிறுவனுக்கு அச்சம் அகல்கிறது. பெரியவருக்குச் செருக்கு அகல்கிறது.

ஆயினும் ஒன்று சிந்திக்கத் தக்கது. பாடம் அறியாத ஒருவன் உள்ளே வரக் கூசி வாசலில் நிற்கக் கண்டும், கற்றவன் தன் பாராயணத்தை மட்டும் முடித்துச் செல்வானாகில், அவன் முப்பதும் ஓதியும் அப்பத்தினை ஓதாதவனே ஆவான். எம்பெருமானார் திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்து பெற்ற பொருளை, விரும்பி வந்தோர் அனைவர்க்கும் வழங்கினார் என்று குருபரம்பரை கூறும். நடந்த களைப்பு அவருடையது. பெற்ற பயன் எல்லோருடையது.

உத்ஸவம் ஸேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள், வரும் மார்கழியில் அயல்வீட்டார் ஒருவரையேனும் எழுப்பி உடனழைத்துச் செல்வதென ஸங்கல்பித்துக் கொள்வார்களாக. அதுவே இத்திருநாளில் எம்பெருமான் உகக்கும் கைங்கர்யமாகும்.