தேசவழமையும் சொல்லின் உரிமையும்

சட்டம் தன்னாற் கட்டுப்படுத்தப்படுவோரின் மொழியில் அமைதல் வேண்டும் என்பது இன்று மறுப்பாரற்ற கொள்கை. மக்கள் அறியாத பிரெஞ்சு மொழியில் வழக்குரைத்தல் தகாதென்றும், ஆங்கிலத்திலேயே வழக்குரைத்தல் வேண்டுமென்றும் 1362ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துப் பாராளுமன்றம் விதித்தது. அவ்விதி பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டமை வரலாறு நமக்களித்த நகைச்சுவை. ஆயினும், மக்களின் மொழியில் அமைந்த அளவிலே ஒரு சட்டம் மக்களுடையதாகிவிடுமா? யாழ்ப்பாணத்துத் தேசவழமையின் வரலாறு இவ்வினாவிற்கு எளிதில் விடை தருவதாயில்லை.

ஏட்டில் எழுதப்படாது வழங்கிவந்த இம்மரபுகளை, ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் நிறைவுசெய்தார். ஒல்லாந்த மொழியிலமைந்த அத்தொகுப்புத் தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டது. அவர்களும் அதற்கு இசைவளித்தனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி பிரித்தானியர் ஆட்சியில் அதற்குச் சட்டவலு அளித்தது. இவ்வாறு, தமிழர் வாயில் வழங்கிய வழமை ஒல்லாந்த மொழியில் எழுத்துருப் பெற்று, ஆங்கிலத்திலே தீர்ப்பாக வெளிவந்தது.

இதில் உன்னுதற்குரிய செய்தி ஒன்றுண்டு. முதுசம், உரிமை, தேடியதேட்டம் என்னுஞ் சொற்களை ஆங்கிலச் சட்டவாக்கத்தினரால் முற்றாக விட்டுவிட இயலவில்லை. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினுள் அவை உரோம எழுத்துடுத்துத் தமிழ்ச் சொற்களாகவே நின்றன. தமிழபிமானிக்கு இது பெருமிதம் தரலாம். ஆனால் நின்றது ஒலி; பொருளை நிச்சயிக்கும் அதிகாரம் இடம்பெயர்ந்துவிட்டது. கணவனும் மனைவியும் பாடுபட்டுச் சேர்த்ததை வீட்டில் தேட்டம் என்பர். நீதிமன்றிலோ அச்சொல், மணவாழ்வுக் காலத்திற் பெறுமதியான கைம்மாறு கொடுத்து ஈட்டிய ஆதனம் முதலியவற்றைக் குறிக்கும் கலைச்சொல்லாயிற்று. 1947இல் அதன் எல்லை மீண்டும் திருத்தப்பட்டது. தன் வாய்ச்சொல்லின் பொருளைத் தான் அறிய, பெண்ணொருத்தி பிரக்கிராசியாரின் படியேற வேண்டியதாயிற்று.

எனினும் பழியை அந்நிய மொழியின்மீது மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. 1707இல் கருத்துக் கேட்கப்பட்டவர் பன்னிருவரே. அத்தொகுப்பில் அடிமைகள் பற்றிய விதிகளும் இருந்தன. அவ்விதிகளாற் பிணிக்கப்பட்டோரும் தமிழே பேசினர். அவர்களுக்கு அவை விளங்காதவையுமல்ல. தம்மைக் கட்டிய தளையின் பெயரை அவர்கள் நன்கறிவர். இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிக்கப்பட்டது. அதுவரை, விளங்கிக்கொள்ளுதலும் இசைதலும் ஒன்றல்ல என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்றாயிருந்தது.

சட்டமியற்றுவோர் ஒவ்வொருவரையும் கேட்டல் இயலுமோ எனின், இயலாதுதான். ஆனால் எவரைக் கேளாது விட்டனர் என்பதை மறைத்து, நம் மொழியில் இசைவு பெறப்பட்டது என்று மட்டுங் கூறுதல் அரைமெய். மொழியுரிமையை இவ்வாதம் குறைப்பதுமன்று. மொழி மறுக்கப்பட்டவனுக்குத் தன் குறையைக் கூறும் வழியே அடைபடுகின்றது. ஆகவே அவ்வுரிமை முதலில் வேண்டப்படுவது. அதனை முடிந்த முடிபாகக் கொள்வதிலேயே தவறு பிறக்கின்றது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வடக்குக் கிழக்கின் முதனிலை நீதிமன்றங்களில் தமிழையும் வழக்கு மொழியாக ஏற்றது. தேடியதேட்டம் மீண்டும் தமிழெழுத்தில் பதிவேடேறியது. ஆயினும் தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டுமென்ற 1911ஆம் ஆண்டு விதி அதனால் அசையவில்லை. நீதிமன்றம் தமிழிற் பேசத் தொடங்கிய பின்னரும் அவள் அவ்விசைவைத் தேடியே நிற்க வேண்டியிருந்தது; வினாவும் விடையும் தமிழிலேயே நடைபெற்றன.