தன்னை மறந்து பார்க்கும் பருவம்

இலையுதிர்காலம் என்றாலே சோகம் என்று நம் மனத்தில் படிந்துவிட்டது. உதிரும் இலையைக் கண்டதும் நம் வயது நினைவுக்கு வருகிறது. போய்விட்டவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். டொராண்டோவின் கிழக்கே, ரூஜ் பள்ளத்தாக்கில், ஒவ்வோர் அக்டோபரிலும் கேமராவோடு நடப்பவள் நான். என் அம்மா இறந்ததும் ஓர் இலையுதிர்காலத்தில்தான். அந்தத் துயரத்தை நான் அறிவேன். ஆனாலும் அதுவே இந்தப் பருவம் தரும் சிந்தனை என்று ஏற்க என்னால் முடியவில்லை. இலையைப் பார்க்கப் போய் என்னையே பார்த்துவிட்டுத் திரும்பினால், நான் இலையைப் பார்க்கவே இல்லை.

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் என் துணைக்கு வருகிறார். 1819 செப்டம்பர் 19 அன்று இங்கிலாந்தின் வின்செஸ்டரில் நடந்துவிட்டு வந்து இலையுதிர்காலத்தைப் பற்றிய கவிதையை எழுதினார். முந்தைய டிசம்பரில்தான் தம்பி டாமைக் காசநோய்க்குப் பறிகொடுத்திருந்தார். மருத்துவம் பயின்றவர் என்பதால் அந்த நோயின் போக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். 1821இல், 25 வயதில், அதே நோய் அவரையும் கொண்டுபோனது. இவ்வளவு இழப்புக்கு நடுவே எழுதிய 33 வரிகளில் ‘நான்’ என்று ஓரிடத்தில்கூட அவர் சொல்லவில்லை. பழுத்த கனி, அறுத்த வயலில் நிற்கும் தாள், கொசுக்கூட்டத்தின் ரீங்காரம், கூடும் தகைவிலான்கள் என்று எல்லாவற்றுக்கும் கவிதையில் இடம் இருக்கிறது. தன் துக்கத்தைச் சொல்ல எல்லா உரிமையும் இருந்த ஒருவர் ஒதுங்கி நின்று பருவத்துக்கு வழிவிட்டிருக்கிறார்.

அமெரிக்க எழுத்தாளர் தோரோவும் காசநோயாளிதான். இலைகளின் நிறங்களைப் பற்றிய கட்டுரையை நோய்ப்படுக்கையில் செப்பனிட்டு அச்சுக்குக் கொடுத்தார். 1862 மே மாதம் இறந்தார். அக்டோபரில் அந்தக் கட்டுரை வெளியானது. எப்படிச் சாவது என்பதை இலைகள் நமக்குக் கற்றுத்தருகின்றன என்பது அவர் கருத்து. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1962இல், எலியட் போர்ட்டர் என்ற புகைப்படக் கலைஞர் தோரோவின் வாசகங்களோடு தம் வண்ணப்படங்களைச் சேர்த்து ஒரு நூலாக்கினார். அவரும் மருத்துவம் படித்தவர். ஹார்வர்டில் உயிர்வேதியியல் கற்பித்தவர். மலைச்சிகரங்களைத் தேடி அண்ணாந்து பார்க்காமல் காட்டின் தரையை நோக்கிக் கேமராவைத் திருப்பினார். பல படங்களில் வானம்கூட இல்லை. ஈர மண், பாசி, விழுந்த இலைகள், அவ்வளவுதான்.

புகைப்படம் என்பதே போகிறதைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் ஆசை அல்லவா என்று கேட்கலாம். ஆனால் படமெடுக்கும் வேலையே அந்த ஆசைக்கு இடம் தருவதில்லை. மரநிழலில் வெளிச்சம் குறைவு. முக்காலியில் கேமராவை நிறுத்தி, சில சமயம் அரை வினாடிகூட ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டும். காற்று சற்று அசைந்தாலும் இலை மங்கிவிடும். அதனால் காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நம் அவசரத்துக்கு அங்கே மதிப்பில்லை. பிடித்துவைக்கும் ஆசை அந்தக் காத்திருப்பிலேயே தளர்ந்துபோகிறது. கண் மட்டும் விழித்திருக்கிறது.

அப்படி விழித்த கண்ணுக்கு மேப்பிள் கிளை ஒன்று போதும். பகல் குறையத் தொடங்கியதும் மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலிருந்த சத்தில் கணிசமான பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பு அப்போதுதான் புதிதாக உருவாகிறது. காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு பிரிந்து வழிவிட, உள்பக்கம் தக்கை போன்ற படலம் காயத்தை அடைத்துவிடுகிறது. இலை போன இடத்தை அண்மை லென்ஸில் பாருங்கள். சிறிய தழும்பு, அதில் மூன்று புள்ளிகள், நீர் ஓடிய குழாய்களின் முனைகள். தழும்புக்கு நேர்மேலே, இறுக மூடிய பழுப்பு மொட்டு. வசந்தத்துக்கான அந்த மொட்டு கோடையிலேயே உருவாகிவிட்டது. உதிர்தல் மரத்துக்கு நேரும் விபத்தே அல்ல. மரம் உயிரோடு இருந்து, முறையாகச் செய்துமுடிக்கும் வேலை அது. பட்டுப்போன கிளையில் இலைகள் உதிராமல் காய்ந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். விடுவதற்கும் உயிர் வேண்டும்.

இந்த விடுதல் எனக்குத் திருக்குறளை நினைவூட்டுகிறது. அதில் 34ஆம் அதிகாரம் நிலையாமை, 35 துறவு, 36 மெய்யுணர்தல். இந்த வரிசையை நான் பள்ளியில் வெறும் எண்ணாகப் படித்தேன். இப்போது அது ஒரு பாதையாகத் தெரிகிறது. எதுவும் நிற்காது என்று காண்பது முதல் படி. நம்மில் பலரும் அங்கேயே நின்று அழுகிறோம். ‘நான், எனது’ என்பதைக் கைவிடுவது இரண்டாம் படி. அதன் பிறகே பொருள்கள் உள்ளபடி தெரியத் தொடங்குகின்றன. கீட்ஸின் கவிதையும் போர்ட்டரின் படமும் அந்த இரண்டாம் படியைக் கடந்த படைப்புகள் என்பது என் நம்பிக்கை.

அம்மாவின் பிரிவு இதனால் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் அந்தத் துக்கம் என் ஒருத்தியின் நெஞ்சுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. அவர் என்னிடமிருந்து பறிக்கப்பட்டவர் என்ற எண்ணம் போய், தன் வாழ்வைச் செய்துமுடித்தவர் என்று அவரை நினைக்க முடிகிறது. இந்தப் பருவத்திடம் நான் கேட்பதும் இவ்வளவே: என் இழப்பைக் காட்டாதே, இருப்பதைக் காட்டு.