கேள்வி கேட்காத புத்தகங்கள்

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வாத்தியார் பள்ளியோடு நின்றுவிடுவார். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து கதைப் புத்தகத்தைப் பிரித்தால், அது அவன் சொந்த நேரம். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு அந்த எல்லைக்கோடு கிடையாது. கணக்குச் சொல்லித்தரும் அம்மாவே சோறும் போடுகிறாள், இரவில் விளக்கையும் அணைக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டாத ஓர் இடம் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். அது தானே தேர்ந்த புத்தகமாகத்தான் இருக்க முடியும் என்று நம்புகிறேன்.

ஆனால் நம் கை சும்மா இருப்பதில்லை. பிள்ளை பாம்புகளைப் பற்றிய புத்தகத்தில் மூழ்கியிருப்பதைக் கண்டதும், பாம்பு வகைகளை அட்டவணை போடச் சொல்லலாமா என்று தோன்றிவிடுகிறது. 'என்ன புரிந்தது, சொல்லு' என்ற ஒரு கேள்வி போதும், புத்தகம் பாடமாகிவிடும். வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்த பெற்றோர் பள்ளியின் பரீட்சையைத் தாண்டி வந்தவர்கள். அதை வேறு பெயரில் வீட்டுக் கூடத்தில் நடத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயது முடிந்ததும் எழுதலாம். அதற்கான புத்தகங்களைப் படித்தே ஆகவேண்டும், அது வேறு கணக்கு.

தேர்ந்தெடுக்க, முதலில் கைக்கெட்டும் தூரத்தில் புத்தகம் இருக்க வேண்டுமே. நாங்கள் இருக்கும் புணேயின் கோந்த்வாவில் பழைய பேப்பர் வாங்கும் கடையை ரத்திக் கடை என்பார்கள். எடைக்கு வந்த கட்டுகளுக்குள் பழைய டிங்கிள், அமர் சித்திரக் கதை எல்லாம் கிடக்கும். ஸ்வார்கேட் பக்கம் பஸ் பிடித்தால் அப்பா பல்வந்த் சௌக்கின் புத்தகக் கடைகளுக்குப் போகலாம். அங்கே மகளை அவள் போக்கில் விட்டுவிடுவேன். அவள் எடுப்பது பெரும்பாலும் மாதுரி புரந்தரேயின் மராத்திப் படக்கதைகள். 1971 முதல் பாலபாரதி வெளியிட்டுவரும் 'கிஷோர்' இதழும் அவளுக்குப் பிடிக்கும். சிலவற்றைப் பாதியில் வைத்துவிடுவாள். பிரெஞ்சு ஆசிரியர் டேனியல் பென்னாக் 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகளை வகுத்தார். படிக்காமலிருப்பதும் பாதியில் நிறுத்துவதும் அவற்றில் உண்டு.

நம் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் இன்னும் முன்னாலேயே இதைத் தொட்டிருக்கிறார். கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு என்பது. அடுத்ததோ, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்கிறது. எந்தப் புத்தகம் உயர்ந்தது என்ற தரவரிசைக்கு அந்த ஐந்தில் இடமில்லை. 'வெறும் காமிக்ஸாகவே படிக்கிறாளே' என்று கவலைப்படுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துப் படித்த எத்தனையோ பேர் பிறகு தடித்த நாவல்களுக்கு நகர்ந்தார்கள். நகராதவர்களுக்கும் அந்த மகிழ்ச்சி மிச்சம்.

எனக்குக் கடினமாக இருப்பது தமிழ்தான். அவள் தமிழில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஊரை விட்டு வந்தவளின் ஆசை. அதை அவள் தேர்வின்மேல் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. ஆகவே இரவில் தமிழ்க் கதைகளை நானே உரக்கப் படிக்கிறேன், எனக்குப் பிடித்தவற்றை. கேட்பதும் எழுந்து போவதும் அவள் விருப்பம். சில நாள் மராத்திப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே, 'அப்புறம் என்னம்மா ஆச்சு?' என்கிறாள்.