பற்றுவாய் எந்தப் பக்கம்?

சக்கிமுக்கித் துப்பாக்கியின் விசையை இழுத்ததும் எல்லாமே கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும். குதிரை எனப்படும் சுத்தியின் வாயில் கவ்வியிருக்கும் கல் எஃகுத் தகட்டை உரசும். சிதறும் பொறி சிறு கிண்ணத்திலுள்ள ரஞ்சகம் என்னும் பற்றவைப்பு மருந்தில் விழும். அந்தத் தீ பற்றுவாய் என்னும் துளை வழியே குழலுக்குள் புகுந்து, முனைவழியாகக் கெட்டித்து வைத்த மருந்தைப் பற்றவைக்கும். இத்தனையும் நடப்பது குழலின் வலப்பக்கத்தில். வலக்கைக்காரர் கட்டையின் இடப்பக்கத்தில் கன்னத்தை வைத்துக் குறிபார்ப்பதால், தீக்கும் அவர் முகத்துக்கும் நடுவே குழலும் கட்டையும் மறைப்பாக நிற்கின்றன.

அதே துப்பாக்கியை இடது தோளில் வைத்தால் அந்த மறைப்பு இல்லை. கண்ணுக்கு எதிரிலேயே ரஞ்சகம் சீறி எரிகிறது. பற்றுவாயிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் தீ, குழலைத் தாங்கும் வலது முன்கையை ஒட்டிப் பாய்கிறது. கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு சமாளிப்பவர்கள் உண்டு. ஆனாலும் உடம்பு மறப்பதில்லை. விசையை இழுக்கும் முன்பே இமை மூடிக்கொள்ளும், குறி தப்பும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நீள்குழல் துப்பாக்கி போன்ற மரபு ஆயுதங்களை இன்றும் ஆசையோடு சுடுபவர்களில் இடக்கைக்காரர் தமக்கேற்ற ஒன்றைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது கடைச்சரக்குப் பிரச்சினை. உள்ளே இருப்பதோ மிகப் பழைய தத்துவ வழக்கு: வலது என்பது இயற்கையின் தீர்ப்பா, மனிதர் செய்துகொண்ட ஏற்பாடா?

பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலின் ஏழாம் பகுதியில் இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறார். கால்கள் இரண்டும் சமமாக உழைக்கும்போது கைகள் மட்டும் வேறுபடுவதற்குத் தாய்மாரும் செவிலியரும் பழக்கிய விதமே காரணம் என்பது அவர் வாதம். வில்லை எந்தக் கையிலும் பிடிக்கும் சித்தியரைச் சாட்சிக்கு அழைக்கிறார். அரிஸ்டாட்டில் இதை முழுதாக ஏற்கவில்லை. வலக்கை இயற்கையாகவே வலியது. ஆயினும் எவரும் பழகி இரு கையாளர் ஆகலாம் என்கிறார். இயற்கை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதாலேயே அந்தச் சாய்வு சட்டமாகிவிடாது என்ற நுட்பம் அவர் சொல்லில் இருக்கிறது.

சட்டமாக்கியது சமூகம். பிரெஞ்சு அறிஞர் ராபர்ட் ஹெர்ட்ஸ் 1909-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் காட்டினார்: உடம்பிலுள்ள சிறிய ஏற்றத்தாழ்வைப் பிடித்துக்கொண்டு சமயங்கள் புனிதத்தை வலப்பக்கமும் தீட்டை இடப்பக்கமும் நிறுத்திவிட்டன. மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்பில் செம்மறிகள் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம். தமிழில் ‘வலம்’ என்றால் வெற்றியும்கூட. கோயிலை வலம் வருகிறோம். இடக்கையைப் ‘பீச்சாங்கை’ என்று சொல்லியே எத்தனை பிள்ளைகளின் கையைத் தட்டிவிட்டிருக்கிறோம்!

ஆனால் சமய நூல்களே எதிர்ச்சாட்சியும் தருகின்றன. எபிரேய விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் பென்யமீன் கோத்திரத்தார் 700 பேர் இடக்கைக்காரர்கள். மயிரிழைக்கும் குறி தப்பாமல் கவண்கல் எறிவார்கள். ஏகூத் என்ற இடக்கைக்காரர் வலது தொடையில் வாளை மறைத்துச் சென்று மோவாப் அரசனை வீழ்த்துகிறார். பென்யமீன் என்ற பெயருக்கோ ‘வலக்கையின் மகன்’ என்று பொருள்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். குதிரையும் தகடும் கிண்ணமும் சேர்ந்த பொறியமைப்புக்கு லாக் என்று பெயர். கையில் இருக்கும் லாக்கையே கழற்றி மறுபக்கம் மாட்டினால் என்ன? முடியாது. காரணத்தைத் தத்துவ அறிஞர் காண்ட் 1768-லேயே யோசித்து வைத்திருக்கிறார். இடக்கையும் வலக்கையும் அளவிலும் அமைப்பிலும் ஒன்றே. ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்த முடியாது. எப்படிச் சுழற்றினாலும் இடக்கையுறை வலக்கைக்கு ஏறாது. லாக்கும் அப்படித்தான். தகடு, வில், குதிரை எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாக வார்த்தெடுக்க வேண்டும். பற்றுவாயை இடப்பக்கம் துளைக்க வேண்டும். கன்னம் சாயும் மேட்டை வலப்பக்கம் செதுக்க வேண்டும். இடக்கைக்காரர் கேட்பது சிறு மாற்றமல்ல, முழுதாக இன்னொரு துப்பாக்கி.

அப்படிச் செய்தால் அது மரபா? பழமையை அப்படியே நடித்துக் காட்டுபவர்களின் வாதம் வலுவானது: 18-ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் படையின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கிக்கு லாக் வலப்பக்கம்தான். வரிசையில் நின்றவர் எந்தக் கைக்காரராக இருந்தாலும் வலது தோளில் வைத்தே சுட்டார். அந்த வாழ்வை உணர விரும்புபவர் அந்தச் சிரமத்தையும் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் படைக்கிடங்கு மட்டுமே மரபு அல்ல. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதிப் பட்டறைகளில் துப்பாக்கிகள் கையாலேயே உருவாயின. இடக்கை லாக் பொருத்திய பழைய துப்பாக்கிகள் அரிதாயினும் உண்டு. ஆளுக்கேற்ப ஆயுதம் செய்த அந்தக் கைவினையும் மரபின் சொத்துதான். அதை விட்டுவிட்டு லாக் இருக்கும் பக்கத்தை மட்டும் காப்பாற்றுவது எதைக் காப்பாற்றுவதாகும்?

பக்கம் பார்க்காத தீர்வு ஒன்றும் வந்தது. ரஞ்சகத்துக்குப் பதில், அடித்தால் தீப்பற்றும் செப்புக் கேப் புழக்கத்துக்கு வந்தபின், கிண்ணத்திலிருந்து மருந்து கொட்டிவிடும் என்ற கவலை போயிற்று. 1830-களில் வெர்மான்ட் மாநிலத்தின் விண்ட்சரில் நிக்கனோர் கெண்டால் குதிரையைக் குழலுக்கு அடியில் பொருத்திய துப்பாக்கிகளைச் செய்தார். இடமும் இல்லை, வலமும் இல்லை.

இருந்தும் சக்கிமுக்கியின் பொறியில் மனம் பறிகொடுத்தவருக்கு அது போதாது. அவர் இடக்கை லாக் ஒன்றை வாங்கி, துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பட்டறையில் மேப்பிள் கட்டை பட்டறைப் பிடியில் படுத்திருக்கிறது. ஆசாரி கண்ணாடிப் பிம்பமான தகட்டை அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து, உளியை முதன்முறையாக இடப்பக்கத்தில் ஊன்றுகிறார்.